மிச்சிகனிடம் தோற்ற அணிக்குப் பட்டம் எப்படி?

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2024 சீசனில் அவர்களுடைய அமெரிக்க ஃபுட்பால் அணி இரண்டு ஆட்டம் தோற்றது, சொந்த லீக்கின் இறுதிப் போட்டிக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் தேசிய சாம்பியன் என்கிறான். இதை யார் முடிவு செய்கிறார்கள்? நான் எந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்?

பதில்: மகன் கதை விடவில்லை. மேல்மட்டப் பிரிவில் பல லீக்குகளாகப் பிரிந்த 130-க்கும் மேற்பட்ட அணிகள். வழக்கமான சீசனில் ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டம்தான். பெரும்பாலான அணிகள் நேருக்கு நேர் மோதுவதே இல்லை. ஐபிஎல் போல ஒரே புள்ளிப் பட்டியல் போட வழியில்லாததால், பிளேஆஃபுக்குள் யார் என்பதை ஒரு தேர்வுக் குழு பேசி, வாக்களித்துத் தீர்மானிக்கிறது. அதன் பிறகுதான் மைதானம்.

2024 முதல் 12 அணிகள். அந்த சீசனில், குழுவின் தரவரிசையில் முன்னே நின்ற ஐந்து லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. மீதி ஏழு இடமும் தரவரிசைப்படி. ஒஹாயோ ஸ்டேட் அந்த ஏழில் ஒன்றாக, 8-வது சீடாக (பிளேஆஃப் வரிசையில் எட்டாவது இடத்தில்) நுழைந்தது. அக்டோபரில் ஆரிகனிடம் ஒரே புள்ளியில் தோல்வி. நவம்பர் கடைசியில் பரம வைரி மிச்சிகனிடம், அதுவும் சொந்த மண்ணில், 13-10. பிறகு டென்னசியை வென்று, அதுவரை தோல்வியே காணாத ஆரிகனை 41-21 எனப் பழிதீர்த்து, டெக்சாஸையும் தாண்டி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்தியது. சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டம் தோற்ற ஆரிகனுக்குக் கிடைத்தது லீக் கோப்பை மட்டும். நியாயமா என்றால், முந்தைய முறைகளைவிடப் பரவாயில்லை என்பேன்.

அப்போது இறுதிப் போட்டி என்பதே நிச்சயமில்லை. 1936 முதல் ஏபி செய்தி நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் வாக்களித்தார்கள்; பின்னர் பயிற்சியாளர்கள் தனியாக ஒரு பட்டியல் போட்டார்கள். 1997-இல் ஒரு பட்டியல் மிச்சிகனுக்கும் மற்றது நெப்ராஸ்காவுக்கும் பட்டம் கொடுத்தது. இரண்டும் மோதவே இல்லை. 2014-இல் நான்கு அணி பிளேஆஃப் வந்தது. அதிலும் 2023-இல் லீக் இறுதியோடு சேர்த்து 13 ஆட்டமும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட் வெளியே நின்றது. முதன்மை குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) காயமடைந்துவிட்டார், இது பழைய அணி இல்லை என்றது குழு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது குழுவின் பட்டியல். நவம்பரில் செவ்வாய்தோறும் வரும். லீக் இறுதிப் போட்டிகளுக்கு மறுநாள், டிசம்பர் ஞாயிறன்று வருவதுதான் முடிவானது. ஆகஸ்டிலிருந்தே வரும் ஏபி பட்டியல் பேச்சுக்கு நல்லது, பிளேஆஃப் இடத்துக்குச் செல்லாது. இன்னொன்று: 2024-இல் முதல் நான்கு லீக் சாம்பியன்கள் நேராகக் காலிறுதிக்குப் போனார்கள், நால்வரும் அங்கேயே தோற்றார்கள். 2025 முதல் அந்தச் சலுகை தரவரிசையில் முதல் நான்கு அணிகளுக்கு.

மகன் பழைய பட்டங்களை எண்ண ஆரம்பித்தால் மட்டும் உஷார். இந்த மட்டத்தில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ தானாகப் பட்டம் வழங்குவதில்லை, அதனால் கல்லூரிகள் வைத்ததுதான் கணக்கு. 1941-இல் இரண்டு தோல்வியுடன் ஏபி பட்டியலில் 20-வதாக முடித்த அலபாமா, அந்த ஆண்டையும் தன் பட்டங்களில் சேர்த்து வைத்திருக்கிறது.