மனநோய் என்றால் கிளைம் கிடையாதா?

கேள்வி: என் தம்பிக்கு பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) என்று போன வருடம்தான் தெரிந்தது. சென்ற மாதம் தனியார் மருத்துவமனையில் 11 நாள் சேர்த்திருந்தோம். 2016-லிருந்து விடாமல் கட்டிவரும் பாலிசி. 'மனநலச் சிகிச்சை இதில் சேராது' என்று ஒரே வரியில் கிளைமைத் தள்ளிவிட்டார்கள். இனி வாராவாரம் சைக்காலஜிஸ்டைப் பார்க்கவும் சொல்கிறார்கள். அந்தச் செலவாவது கிடைக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: அந்த ஒரு வரி சட்டத்தின் முன் நிற்காது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4). அது 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயை விலக்குப் பட்டியலில் வைக்கவே கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் சொன்னது. பிறகும் சில நிறுவனங்கள் பழைய பாலிசியின் வாசகத்தைக் காட்டித் தட்டிக்கழித்தன. அப்படி மறுக்கப்பட்ட ஒரு வழக்கில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே இது பொருந்தும் என்று 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசிகளிலும் சேர்த்தாக வேண்டும் என்று ஆணையமும் கெடு வைத்தது. ஆகவே உங்களுடையது 2016 பாலிசி என்பது ஒரு காரணமே இல்லை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாலிசியின் எந்த ஷரத்தின் கீழ் மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், 21(4)-ஐக் குறிப்பிடுங்கள். போனில் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது மறுபடியும் மறுத்தால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியான, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் அதிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

அதற்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'கவனிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்' என்று மட்டும் இருந்தால், பரிசோதனைக்காகப் படுத்தவர் என்று அடுத்த காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். தூக்கமில்லாதது, தனக்கோ பிறருக்கோ இருந்த ஆபத்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை, கொடுத்த மருந்துகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் விளக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சைக்காலஜிஸ்ட் கட்டணத்துக்கு வருவோம். இங்கே என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. நம் ஊர் பாலிசிகளில் பெரும்பாலானவை படுக்கைக்குத்தான் பணம் தருகின்றன. புறநோயாளிச் செலவு, அதாவது ஓபிடி, அவற்றில் கிடையாது. சர்க்கரை நோயாளிக்கும் இதே கதிதானே என்பார்கள். காகிதத்தில் சமம்தான். ஆனால் மனநலச் சிகிச்சையில் பெரும்பகுதி நடப்பதே ஓபிடியில். உட்கார்ந்து பேசுகிற அந்த ஒரு மணி நேரத்தில். அதை விட்டுவிட்டு 'அதே அடிப்படை' என்பது, காலில் அடிபட்டவனையும் மற்றவர்களோடு ஒரே கோட்டில் ஓட நிறுத்துவது மாதிரி. மருத்துவ உளவியலாளர்களான நாங்கள் ஓபிடி செலவையும் காப்பீட்டுக்குள் கொண்டுவரக் கேட்பது இதனால்தான். எங்கள் வருமானமும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நாலாவது அமர்வோடு காசில்லாமல் நின்றுபோனவர் ஆறு மாதம் கழித்து வார்டில் சேர்வதைப் பார்க்கிறோம். அப்போது நிறுவனம் கட்டும் தொகை இன்னும் பெரிது.

குடிப்பழக்கச் சிகிச்சையில் முரண் இதைவிட அப்பட்டம். மது, போதையோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்றே சட்டம் வரையறுக்கிறது. பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலிலோ அது இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. பல பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள்வரை அதே நோய்க்கான செலவைத் தருகின்றன. அமர்வுகள் தேவை என்று மனநல மருத்துவர் எழுதித் தந்து, ரசீதில் சைக்காலஜிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கிளைம் தகராறு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாள் கணக்கு டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தே ஓடுகிறது. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது.