ராட்டெஸ்ட்டில் வரும் விலேன் வைஃபையில் வராதது ஏன்?

ஃப்ரீரேடியஸ் (நெட்வொர்க்கில் யாரை அனுமதிப்பது என்று சரிபார்க்கும் சர்வர்) வைத்திருக்கிறீர்கள். அதன் சோதனைக் கட்டளையான ராட்டெஸ்ட்டில் ஆசிரியர் குழுவுக்கு விலேன் 20 (விலேன் என்பது நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) வருகிறது, வைஃபையில் சேர்ந்தால் எல்லோரும் பொது விலேனிலேயே விழுகிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் தரவுத்தளத்தின் குழு அட்டவணைகளில் பிழையில்லை, அவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். ராட்டெஸ்ட் சர்வரிடம் நேராகக் கேட்கிறது. பீப் (வைஃபை உள்நுழைவு முறை) வழியே வரும் போனுக்கோ சரிபார்ப்பு உள் டனலில், அதாவது மறைகுறியாக்கிய உள் இணைப்பில், நடக்கிறது. குழுவின் பதில், அதாவது விலேன் எண், வெளியே வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஃப்ரீரேடியஸ் 3 என்றால், இன்னர்-டனல் கோப்பின் போஸ்ட்-ஆத் பகுதியில் ‘யூஸ்_டனல்டு_ரிப்ளை’ பற்றிய குறிப்புக்குக் கீழே ‘இஃப் (0)’ இருக்கும். அந்த 0-வை 1 ஆக்குங்கள். பிறகு சர்வீஸை நிறுத்திவிட்டு (இல்லையென்றால் போர்ட் 1812 பிடிபட்டிருக்கும்) ‘-X’ (பெரிய எழுத்து எக்ஸ்) போட்டு டீபக்கில் ஓடவிட்டு, போனை இணையுங்கள். கடைசி ஆக்சஸ்-அக்செப்டில் (சர்வரின் அனுமதிப் பதில்) விலேனைச் சொல்லும் இந்த மூன்றும் இருக்க வேண்டும்: டனல்-டைப் 13, டனல்-மீடியம்-டைப் 6, டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி 20. அக்செப்டுக்கு முன்னால் வரும் சேலஞ்சுகளில் (சரிபார்ப்பின் இடைப்பட்ட பதில்கள்) தேடாதீர்கள், பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஒருவரே இரண்டு குழுவில் இருந்தால், பிரையாரிட்டி எண் சிறிய குழுதான் முதலில். அது பொருந்தினால் தேடல் அத்தோடு நிற்கும்; அடுத்ததும் வேண்டுமென்றால் ராட்குரூப்ரிப்ளை (குழுக்களின் பதில்கள் உள்ள அட்டவணை) அட்டவணையில் முதல் குழுவுக்கு ‘ஃபால்-த்ரூ = யெஸ்’ சேருங்கள்.