புது டிவிடி ரைட்டர் ஆமை வேகத்தில் எழுதுகிறதா?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் பழைய சிடி டிரைவ் இருக்கும் அதே ஐடிஇ கேபிளில் (டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் பட்டை ஒயர்) புதிதாக 16எக்ஸ் டிவிடி ரைட்டர் மாட்டினேன். விண்டோஸ் எக்ஸ்பி. டிரைவ் தெரிகிறது, படமும் ஓடுகிறது. ஆனால் ஒரு டிவிடி எழுத அரை மணி நேரம் ஆகிறது. அதுவரை மவுஸ்கூட விட்டுவிட்டுத்தான் நகர்கிறது. ரைட்டர் பழுதா?

பதில்: அவசரப்பட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மவுஸ் திக்குகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. உங்கள் ரைட்டர், பிராசஸர் தலையிடாமல் மெமரிக்கும் டிரைவுக்கும் இடையே நேராகத் தகவல் போகும் டிஎம்ஏ முறையில் ஓடாமல் பிஐஓ முறையில் ஓடுகிறது. பிஐஓவில் ஒவ்வொரு துணுக்குத் தகவலையும் பிராசஸரே கையால் அள்ளிக் கொடுக்க வேண்டும். வேறு வேலைக்கு அதற்கு நேரமிருக்காது. டிவிடியில் 1எக்ஸ் என்றால் விநாடிக்குச் சுமார் 1.38 எம்பி, 16எக்ஸுக்கு 22 எம்பி வேண்டும். பிஐஓ ஏட்டளவிலேயே 16.6 எம்பிக்கு மேல் போகாது, நடைமுறையில் அதில் பாதிகூடத் தேறாது. ரைட்டருக்குத் தகவல் வரத் தாமதமாகும்போதெல்லாம் அது எழுதுவதை நிறுத்திக் காத்திருக்கும். 6 நிமிட வேலை 30 நிமிடமாக இழுப்பது இதனால்தான்.

மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர் போங்கள். ஐடிஇ கன்ட்ரோலர்கள் பகுதியில் செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்கள். கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் ‘பிஐஓ’ என்றிருக்கும். மேலே ‘டிஎம்ஏ இஃப் அவைலபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 என்று மாறியிருந்தால் போதும்.

பலருக்கு மாறாது. கேபிளில் ஆறு முறை பிழை வந்துவிட்டால் எக்ஸ்பி படிப்படியாக வேகத்தைக் குறைத்து பிஐஓவில் நிறுத்திவிடும். தானாக மேலே ஏறவே ஏறாது. அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆனால் பிழை வந்த காரணத்தைத் தீர்க்காவிட்டால் சில நாளில் பழைய கதைதான். கரன்ட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரைவின் பின்புறம் பாருங்கள். எம்ஏ (மாஸ்டர்), எஸ்எல் (ஸ்லேவ்), சிஎஸ் (கேபிள் செலக்ட்) என்ற எழுத்துகளுக்கு நேரே இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் குட்டி பிளாஸ்டிக் தொப்பிதான் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு டிரைவும் எம்ஏவில் இருக்கக் கூடாது. ரைட்டரை எம்ஏவில் வைத்து கேபிளின் நுனியிலும், சிடி டிரைவை எஸ்எல்லில் வைத்து நடுவிலும் மாட்டுங்கள். மடிந்து கசங்கிய கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு 80 கம்பிக் கேபிள் வாங்குங்கள். அதன் நீல முனை மதர்போர்டுக்கு. சிவப்புக் கோடு பவர் கனெக்டர் பக்கமாக இருக்க வேண்டும்.

கேள்வி: எழுத ஆரம்பித்ததுமே ‘பவர் கேலிப்ரேஷன் எரர்’ என்று டிஸ்க் வீணாகிறது. ஏன்?

பதில்: எழுதுவதற்கு முன், டிஸ்கின் உள்வட்டத்தில் ஓர் ஓரமாக லேசரைச் சுட்டுப் பார்த்து எவ்வளவு சக்தி வேண்டும் என்று ரைட்டர் அளந்துகொள்ளும். அளவு பிடிபடாவிட்டால் இந்தச் செய்தி வரும். பெரும்பாலும் குற்றவாளி மலிவு டிஸ்க்தான். வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றை 8எக்ஸில் எழுதிப் பாருங்கள். அது சரியாக வந்தால், ரைட்டர் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கே உரிய புதிய ஃபர்ம்வேர் (ரைட்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று தேடுங்கள். புதிய டிஸ்க் வகைகளுக்கான அளவுகள் அதில் சேர்க்கப்படும். நல்ல டிஸ்கும் வீணானால், ஒரு பவர் ஒயரை இரண்டாக்கும் ஒய் பிரிப்பான் வழியாக ரைட்டருக்கு வரும் பவர் ஒயரைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நேராக வரும் ஒயரை மாட்டுங்கள்.