ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவின் 'மூன்லைட் மைல்' பாட்டில் அதன் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் வாசிக்கவே இல்லையா?

இல்லை. 1971-இல் வந்த 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்றாலே கீத்தின் கிட்டார்தான் என்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் இதில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பது பாடகர் மிக் ஜாகரே. எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பது குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் மிக் டெய்லர். அப்படியிருந்தும் எழுதியவர்கள் என்று அச்சானது ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

வரிகளில் வரும் பனியை கொக்கெய்ன் என்று சிலர் வாசிப்பதுண்டு. ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போனவனின் வீட்டு ஏக்கமாகத்தான் எனக்குக் கேட்கிறது. அப்புறம், பால் பக்மாஸ்டர் அமைத்த வயலின் கூட்டம் கடைசியில் மெல்ல எழும்பி அடங்குமே, அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.