காட்டுச் சட்டமும் ஊரார் மனுவும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் பலமநேர் பக்கம். மலைக்காட்டை ரிசர்வ் ஆக்குமுன் வெள்ளைக்கார அரசு ஆட்சேபம் கேட்டதாகவும் ஊரார் மனுக் கொடுத்ததாகவும் பாட்டனார் சொல்வார். மக்களைக் கேட்டுவிட்டுச் சட்டத்தை நடத்திய அரசைக் குறை சொல்வது சரியா?

கி., சித்தூர்

அன்புள்ள கி.,

கேட்டார்கள் என்பது உண்மை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, காப்புக்காட்டுக்கான (ரிசர்வ்) அறிவிப்பு வந்ததும், உரிமைகளை விசாரித்து முடிவு செய்யும் வன நிர்ணய அதிகாரி சுற்றுவட்ட ஊர்களில் அதை விளம்பரப்படுத்தி, உரிமை கோருவோர் எழுதிக் கொடுக்கவோ நேரில் வந்து சொல்லவோ மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசம் தந்து விசாரிக்க வேண்டும். மேல்முறையீடும் உண்டு.

ஆனால் காட்டை ரிசர்வ் ஆக்கலாமா என்ற கேள்விக்கு அந்த விசாரணையில் இடமே இல்லை. நிலம், வழி, மேய்ச்சல், வனப்பொருள், தண்ணீர் ஆகியவற்றில் இன்னாருக்கு இன்ன உரிமை என்று நிறுவ வேண்டிய பொறுப்பு கேட்பவருடையது. அவகாசத்துக்குள் கோராத உரிமை, தக்க காரணம் காட்டினாலொழிய, அழிந்துவிடும். தலைமுறைகளாக ஊரே தழை வெட்டி, விறகு பொறுக்கி, மாடு ஓட்டிய வழக்கத்துக்கு யார் பெயரில் பத்திரம் இருக்கும்? ஆட்டுப்பட்டியோடு அலைபவர் அந்த மூன்று மாதத்தில் எங்கே இருந்திருப்பார்?

இந்த உரிமைகளை அரசு அறியாமலும் இல்லை. சென்னை மாகாணத்துக் காடுகளில் கிராமத்தாருக்கு உரிமை உண்டு என்று 1871இல் வாதிட்டது அரசின் சொந்த வருவாய் வாரியம்தான். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் சென்னை மாகாணத்தில் அமலாகவில்லை. பிறகு இந்திய அரசின் வனத் தலைமை அதிகாரியான பிராண்டிஸ் இங்கு வந்து ஆலோசனை சொன்னார், 1882இல் தனிச் சட்டம் பிறந்தது. உள்ளிருந்தே எழுந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட்டு, அதே ஆட்சேபத்தைத் தனித்தனியே நிரூபிக்கும்படி குடியானவரிடம் கேட்டதைத்தான் என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் தனி மாவட்டமானது. சென்னை அரசு அமைத்து, 1913இல் அறிக்கை தந்த வனக்குழுவின் முன் மேய்ச்சல் கட்டணம், பட்டியில் அடைக்கப்பட்ட மாடுகள், கீழ்நிலை ஊழியர்களின் கெடுபிடி என்று குறைகள் வந்து குவிந்தன. ஊர்த் தேவைக்கான காடுகளைப் பஞ்சாயத்திடம் விடலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதற்குள் முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

உங்கள் ஊர் மனுவின் நகல் வீட்டில் இருந்தால், அது தனியார் பெயரில் எழுதப்பட்டதா, ஊரின் பெயரிலா, அதிகாரி என்ன பதில் எழுதினார் என்று பார்த்து எழுதுங்கள்.