கதவைக் கவனியுங்கள், பிறகு செட்டைக் கவனிக்கலாம்: வாகனம் குறித்த வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மரக்கறி ஏற்றுவதற்காகப் பாவித்த டபுள் கெப் ஒன்றைக் கடந்த வருடம் வாங்கினேன். வண்டியோடு வந்த பாட்டுச் செட்டும் நான்கு கதவு ஸ்பீக்கர்களும் அப்படியே இருக்கின்றன. சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாடகரின் குரல் மட்டுமே கேட்கிறது, தவில் ஓசை எங்கே போகிறதென்று தெரியவில்லை. கூட்டி வைத்தால் கதவே அதிர்ந்து கரகரக்கிறது. பெரிய திரையுள்ள ஆண்ட்ரொய்ட் செட் ஒன்றை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். மாட்டலாமா? (வெலிமடை வாசகர்)

பதில்: இப்போதைக்கு மாட்ட வேண்டாம். திரையில் வரைபடம் பார்க்கவும் பின்பக்கக் கமெராவைப் பார்க்கவும் விருப்பமிருந்தால் அது வேறு கதை. ஆனால் தாங்கள் கேட்டிருப்பது தவில் ஓசையை. அது திரைக்குள் இருந்து வருவதில்லை.

புதிய செட்டின் பெட்டியில் 'தலா 50 வொட், நான்கு ஸ்பீக்கர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். என்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை நேரடியாகப் பயன்படுத்தும் செட், 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தொடர்ச்சியாகவும் சிதைவில்லாமலும் கொடுக்கக்கூடியது சுமார் 20 வொட் மட்டுமே. பெட்டியில் உள்ள 50 என்பது கண நேர உச்சத்தைக் குறிக்கும் எண். தங்கள் வண்டியோடு வந்த செட்டும் அநேகமாக அதே அளவைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால், காசைச் செலவழித்தாலும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் வலு அதிகரிக்காது. தவிரவும், புதிய வண்டிகளில் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் பின்பக்கக் கமெராவும் செட்டோடு இணைந்தே வேலை செய்கின்றன. பொருத்தமான இணைப்பி இல்லாமல் செட்டை மாற்றினால் அவை நின்றுபோகும்.

தவில் காணாமல் போவது கதவில்தான். ஸ்பீக்கரின் தாள், அதாவது முன்னும் பின்னும் அசையும் அதன் கூம்பு, முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்குகிறது, அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் ஒன்றையொன்று சந்திக்க வழியிருந்தால், தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும், உயர்ந்த ஓசைகள் மட்டுமே தப்பிக்கும். நம்ப முடியாவிட்டால் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, வயரோடு கையில் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டுப் பாருங்கள். தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவதுபோல் இருக்கும். பிறகு நடுவில் வட்டமாக வெட்டிய ஒரு பலகையில் அதே ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் தவில் திரும்பி வரும்.

கெப் வண்டியின் கதவு அந்தப் பலகையின் வேலையைச் செய்ய வேண்டும், ஆனால் செய்வதில்லை. கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் உட்தட்டைக் கழற்றினால் உள்தகரத்தில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகளும், அவற்றின்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றும் தெரியும். பாவித்த வண்டியென்றால் கண்ணாடி மோட்டரைத் திருத்திய யாரோ ஒருவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மீண்டும் ஒட்டாமலே மூடியிருப்பார். அத்தகைய கதவில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டாலும் கையில் பிடித்துப் பாடவிட்ட கதைதான்.

ஆகவே முன்கதவுகள் இரண்டிலும் வேலையைத் தொடங்குங்கள். நம் பக்கத்துக் குளிரில் விடியற்காலையில் உட்தட்டைக் கழற்றப் போனால் பிளாஸ்டிக் கிளிப்புகள் படபடவென்று உடையும். வெயில் நன்றாக ஏறிய பிறகு, வண்டியை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கழற்றுவது நல்லது. ஒருபுறம் அலுமினியத் தாளும் மறுபுறம் ஒட்டும் கறுப்பு இறப்பரும் உள்ள பியூட்டைல் தகடுகளை வாங்கி, ஸ்பிரிட் கொண்டு துடைத்த வெளித்தகரத்தின் உட்புறத்தில் ஒட்டுங்கள். முழுவதையும் மூட வேண்டியதில்லை. அகன்ற தகரப் பரப்பின் நடுவில் நான்கில் ஒரு பங்கை மூடினாலே பெரும்பகுதிப் பலன் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் விரலால் தட்டினால் 'டங்' என்று நீண்டு ஒலிக்கும், ஒட்டிய பின் 'டொக்' என்று அடங்கும். காது அந்த வித்தியாசத்தைச் சொல்லும்போது நிறுத்திக்கொள்ளலாம். குளிரில் இறப்பர் விறைத்துப் பிடிக்காது என்பதால் ஹேர் டிரையரால் சூடேற்றியபடி அழுத்தித் தேய்க்க வேண்டும். விலை மலிவு என்று கூரைக்கு ஒட்டும் தார்ப் பட்டையை வாங்கிவிடாதீர்கள். மேலே குளிரில் பிடித்திருந்தாலும், மரக்கறியோடு தம்புள்ளைக்கு இறங்கி வெயிலில் நின்றால் உருகி வழியும், வாசனையும் வாரக் கணக்கில் போகாது.

அடுத்து உள்தகரத்தின் பெரிய துளைகளை விறைப்பான பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகட்டால் மூடி, ஓரங்களைப் பியூட்டைலால் அடையுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையும் பூட்டின் கம்பிகளும் தடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் அடியிலுள்ள சிறிய வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் என் சொந்த வண்டியில் மிகுந்த உற்சாகத்தில் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ஒரு வாரம் மழை பெய்தபின் றம்பொடை வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் குடத்துத் தண்ணீர்போல் ஏதோ குலுங்கியது. கண்ணாடியோரம் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி அந்தத் துளைகளால்தான் வெளியேறுகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. துருவை எடுத்துப் பூசுவதற்கு டின்கர் பாஸிடம் கொடுத்த காசில் நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கியிருக்கலாம்.

கதவு முடிந்த பிறகு ஸ்பீக்கர். வண்டியோடு வந்தவை பெரும்பாலும் சிறிய காந்தமும் காகிதத் தாளும் உள்ளவை. மூடுபனியும் மழையும் ஓயாத ஊரில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் காலப்போக்கில் தளர்ந்துவிடும். பொலிபுரொப்பிலீன் தாளும் இறப்பர் விளிம்பும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கடையில் வொட் எண்ணைப் பார்க்காமல் உணர்திறன் என்று டெசிபெல்லில் குறிப்பிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கரை விட 90 டெசிபெல் ஸ்பீக்கர், அதே செட்டில், அம்ப்ளிபயரின் வலுவை இரட்டிப்பாக்கியதற்குச் சமமான சத்தத்தைக் கொடுக்கும். 20 வொட் மட்டுமே கையிலிருக்கும் தங்களுக்கு அந்த மூன்று டெசிபெல் இலவச அம்ப்ளிபயர் மாதிரி. பழைய ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்து, 3 முதல் 4 ஓம் வரை காட்டினால் 4 ஓம் ஸ்பீக்கரை வாங்கலாம். அளவு வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றில் வட்டம், சிலவற்றில் முட்டை வடிவம் என்பதால், கழற்றி அளந்த பிறகே கடைக்குப் போங்கள். ஸ்பீக்கரை இருத்தும் வளையத்தை, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகையில் வெட்டித் தருவார்கள். கதவுக்குள் நனைந்து அது பிஸ்கட்போல் ஊறும், பிளாஸ்டிக் வளையமே கேளுங்கள். ஸ்பீக்கருக்கும் உட்தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஸ்பொஞ்ச் வளையத்தால் நிரப்பினால், கூட்டி வைக்கும்போது வரும் கரகரப்பில் பாதி போய்விடும்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. 1.5 வோல்ட் டோர்ச் பற்றரி ஒன்றின் நேர் முனையை ஸ்பீக்கரின் நேர் முனையிலும் மறை முனையை மறை முனையிலும் ஒரு கணம் தொட்டால் தாள் வெளியே தள்ள வேண்டும். இதைக்கொண்டு ஸ்பீக்கரின் முனைகளை உறுதிசெய்து, இரண்டு கதவிலும் வயர்களை ஒரே ஒழுங்கில் பூட்டுங்கள். ஒரு கதவில் மட்டும் மாற்றிப் பூட்டியிருந்தால் இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுத்து, தவில் மறுபடியும் தொலையும். பழுதுபார்க்க வந்த வண்டிகளில் இதை மட்டும் திருத்திக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

பின்கதவு ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவிடலாம். செட்டில் ஒலியின் சமநிலையைச் சற்று முன்னுக்குக் கொண்டுவாருங்கள், தாழ்ந்த ஓசையைக் கூட்டிக் குறைக்கும் 'பேஸ்' அளவை நடுவில் வையுங்கள், போனில் இருந்து பாட்டுப் போடுவதென்றால் போனின் சத்தத்தை ஏறத்தாழ முழுமையாக்கிவிட்டுச் செட்டில் கூட்டிக் குறையுங்கள். வட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த பாட்டுக் கோப்பைக் கொண்டு ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் கேளுங்கள். டீசல் என்ஜின் முதலாம் கியரில் மலையேறும்போது எழும் உறுமலும் டயரின் ஓசையும் தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் விழுங்கும். நிற்கும் வண்டியில் தவில் நன்றாகக் கேட்டு, ஏற்றத்தில் மட்டும் அடங்கிப்போகிறதென்றால் அப்போது ஆசனத்தின் கீழ் வைக்கும், அம்ப்ளிபயரோடு சேர்ந்த 8 அங்குலச் சப்வூபர் (தாழ்ந்த ஓசைக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஒன்றை யோசிக்கலாம். அதற்கு மின்சாரம் செட்டின் வயரிலிருந்து எடுக்கக் கூடாது. பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் வைக்க வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது சப்வூபரை அல்ல, வயரை. தகரத்தில் உரசி வயரின் மேலுறை அறுந்தால் தீப்பிடிப்பதைத் தடுப்பது அதுதான். என்ஜின் பகுதிச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் இறப்பர் வளையம் இல்லாமல் வயரிங் பாஸ் வேலையை முடித்தால், முடிந்ததாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஜப்பானில் இருந்து இறக்கிய சிறிய லொறி ஒன்று வைத்திருக்கிறேன். ரேடியோவில் இரைச்சல் தாங்கவில்லை, பல நிலையங்கள் வருவதேயில்லை. ஸ்பீக்கரை மாற்றியும் பலனில்லை. (தலவாக்கலை வாசகர்)

பதில்: ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் பென் டிரைவில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டிருந்தால் செலவு மிஞ்சியிருக்கும். அது தெளிவாகக் கேட்டால் பிழை அலைவாங்கலில் இருக்கிறது.

ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி நெடுங்காலம் 90 உடன் முடிந்தது, பிற்காலத்தில் 95 வரை நீண்டது. இலங்கையில் 88 முதல் 108 வரை. ஆகவே அந்நாட்டுச் செட்டுக்கு நம் நிலையங்களில் பெரும்பாலானவை எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அன்டெனா வயரின் நடுவே 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு பெட்டியைச் செருகி, அலைகளைக் கீழிறக்கிக் கொடுப்பது வழக்கம். அதுவும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும், மலிவானதாக இருந்தால் இரண்டு நிலையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகவும் போடும். வெலிமடை அன்பருக்குச் செட்டை மாற்ற வேண்டாம் என்றேன், தங்களுக்கு மாற்றச் சொல்கிறேன். இந்நாட்டு அலைவரிசையை நேரடியாக எடுக்கும் சாதாரணச் செட்டே போதும்.

மலைநாட்டில் இன்னொன்றும் உண்டு. எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும், மலையைச் சுற்றி வளைந்து வராது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால உச்சியை ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்களுக்குத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுதான். அப்படியிருந்தும் பள்ளத்தாக்கின் அடியில், எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றாகச் சேர்ந்து, வளைவுக்கு வளைவு ஓசை மங்கித் தெளியும். அதை எந்தச் செட்டாலும் முழுமையாகத் தீர்க்க முடியாது. அன்டெனாவின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி, பச்சையேறிய துருவைச் சுரண்டி, தகரத்தோடு நன்றாக எர்த் ஆகும்படி மறுபடி பூட்டுங்கள். ஈரமான ஊர்களில் இதுவே பாதி மருந்து.

கேள்வி: அம்ப்ளிபயர் மாட்டிய நாள் முதல், அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'வீ' என்ற ஒலி ஏறுகிறது. (ஹட்டன் வாசகர்)

பதில்: அது பற்றரியைச் சார்ஜாக்கும் ஒல்டனேட்டரின் குரல். அம்ப்ளிபயரின் எர்த் வயரைக் குட்டையாக்கி, பெயின்டைச் சுரண்டிய வெறும் தகரத்தில் இறுக்குங்கள். மின் வயரும் ஒலி வயரும் ஒரே பக்கமாகச் சேர்ந்து ஓடினால், ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் கொண்டுசெல்லுங்கள். போனை சார்ஜரில் போட்டு, வயர் மூலம் பாட்டுக் கேட்கும்போது மட்டும் ஒலி வருகிறதென்றால், சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடும், புளூடூத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் லொறி 24 வோல்ட். இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செட் மாட்டியிருக்கிறேன். பற்றரி அடிக்கடி போகிறதே? (பதுளை வாசகர்)

பதில்: செட் கூடுதலாகக் குடிக்கும் பற்றரி எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும். இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வேர்ட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு பற்றரிகளும் சேர்ந்த முனையிலிருந்து பியூஸோடு இணைத்துவிடுங்கள்.