பே ஏரியாவுக்கு (கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) அப்பா அம்மா வருகிறார்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஃப்ரீமாண்டிலிருந்து: அக்கா, அம்மா அப்பா ஜூலையில் முதல்முறையாக வருகிறார்கள். வந்த மறுநாளே கோல்டன் கேட் பாலம் போகலாமா?

மறுநாள் வேண்டாம். பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்பார்கள், மதியம் கண் சொக்கும். முதல் வாரம் எலிசபெத் ஏரியைச் சுற்றி நடக்கட்டும், போதும். ஜூலையில் பாலம் பாதி நேரம் மூடுபனிக்குள்தான் இருக்கும். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடேறச் சூடேற, குளிர்ந்த கடல்காற்று பாலத்துக்குக் கீழே உள்ள குறுகிய கடல்வாய் வழியாக உள்ளே பாய்கிறது. பனியும் கூடவே வரும். செப்டம்பர், அக்டோபர்வரை இருப்பார்களென்றால் அப்போது கூட்டிப் போங்கள், கோபுர உச்சிவரை தெரியும். உங்கள் ஊரில் வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டர், மஃப்ளர் எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

சான் ரமோனிலிருந்து: யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

முடியும், செய்யாதீர்கள். போக மூன்று, நாலு மணி நேரம், வர மூன்று, நாலு மணி நேரம். அம்மா பார்ப்பது முன்சீட்டின் முதுகைத்தான். இரண்டு இரவு தங்குங்கள். மே மாதம் உத்தமம்: மலைமேல் பனி உருகி, 739 மீட்டர் உயர யோசெமிட்டி அருவி இரைந்து கொட்டும். ஆகஸ்ட் முடிவில் போனால் பெரும்பாலும் வெறும் பாறைதான். கீழ் அருவிக்குப் போகும் பாதை தார் போட்டது. அம்மா மெதுவாக நடந்துவிடுவார். அங்கே பாலத்தில் நின்றால் சாரல் மூக்குக்கண்ணாடியை நனைக்கும். டனல் வியூ என்ற காட்சி முனையில் நடையே இல்லை. காரை விட்டு இறங்கினால் இடப்பக்கம் எல் கேபிடன் பாறை, நடுவில் தூரத்தில் ஹாஃப் டோம் பாறை, வலப்பக்கம் பிரைடல்வெயில் அருவி. பள்ளத்தாக்குக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது.

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஆனால் இரவில் அதைக் காரில் விடாதீர்கள், வாசனைக்குக் கரடி கதவையே பிய்த்துவிடும். கூடாரமடிக்கும் இடங்களில் அதற்கென்றே இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

டப்ளினிலிருந்து: தேசியப் பூங்காக்களில் முதியோருக்கான நுழைவுச் சலுகை அட்டை, சீனியர் பாஸ், ஊரிலிருந்து வரும் அப்பாவுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்.

சன்னிவேலிலிருந்து: வார நாட்களில் நாங்கள் வேலைக்குப் போய்விடுகிறோம். அப்பா "ஜெயில் மாதிரி இருக்கு" என்கிறார். எங்கே கூட்டிப் போவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கூட்டிப் போகாதீர்கள், போகக் கற்றுக்கொடுங்கள். நாற்பது வருடம் தானே கடைக்குப் போய்த் தானே காய் பொறுக்கிய மனிதர், சனிக்கிழமை வரைக்கும் உங்கள் கார் சாவிக்காகக் காத்திருக்கிறார். 65 வயது ஆகியிருந்தால் பேருந்து, ரயிலுக்கான கிளிப்பர் அட்டையைச் சலுகைக் கட்டணத்தில் வாங்குங்கள். எல் கமினோ சாலையில் 22-ஆம் எண் பேருந்து. ஒருநாள் கூடவே ஏறி, இறங்க வேண்டிய இடத்துக்கு முன் கயிற்றை இழுப்பதைக் காட்டுங்கள். நூலகம், இந்தியக் கடை எல்லாம் கைக்கு வந்துவிடும். உங்கள் ஊரிலேயே கம்யூனிட்டி சென்டர் பக்கத்தில் ஏப்ரிகாட் தோப்பு ஒன்றை நகராட்சி காப்பாற்றி வைத்திருக்கிறது. சிலிக்கான் சில்லுத் தொழில் வருவதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம். விவசாயம் தெரிந்த அப்பா என்றால் அங்கே ஒரு காலைப்பொழுதே போகும்.

மில்பிடாஸிலிருந்து: வயதானவர்களைத் தனியாகப் பேருந்தில் ஏற்றச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. வழி தவறினால்?

அந்தப் பயம் நியாயம். ஆனால் வழி தவறுவதைவிட ஆபத்தானது சாலையைக் கடப்பது. நம்மவர்கள் பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார்கள். இங்கே கார் முதலில் இடப்பக்கத்திலிருந்து வரும். சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப அனுமதி உண்டு. அதைச் சொல்லிக்கொடுங்கள். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

சாண்டா கிளாராவிலிருந்து: அக்கா சொல்வது சரி. என் மாமியார் நூலகத்துக்குத் தனியாகப் போய்வருகிறார், இப்போது ஊருக்குப் போக அவசரப்படுவதில்லை.

மில்பிடாஸிலிருந்து மறுபடி: உங்கள் மாமியாருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும். என் அம்மாவுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியாவிட்டால் பேருந்து வேண்டாம். சாலையைக் கடக்காமல் போகக்கூடிய பூங்காவில் தொடங்குங்கள். சாயங்காலம் அங்கே நம் ஊர்ப் பாட்டிமார் நிச்சயம் இருப்பார்கள். ஆனால் பயம் உங்களுடையதா அம்மாவுடையதா என்று அவரிடமே கேளுங்கள். மாதக்கணக்கில் ஒருவரை வீட்டுக்குள் வைத்துவிட்டு, வார இறுதியில் பாலம் காட்டுவது போதாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சான் ஹோசேயிலிருந்து: ஜூலையில் பாலம் தெரியுமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஸ்வெட்டர்.

கூப்பர்டினோவிலிருந்து: ம்யூர் உட்ஸ் செம்மரக் காட்டுக்குப் போகலாமா?

வாகன நிறுத்தம் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அங்கே சிக்னல் கிடைக்காது. முன்பதிவைக் கிளம்பும்போதே போனில் இறக்கி வையுங்கள். ஸ்வெட்டர்.

ஹேவர்டிலிருந்து: ஹாஃப் மூன் பே கடற்கரையில் மெரினா மாதிரி காலை நனைக்கலாமா?

கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கவே கூடாது. அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஓர் அலை கரையின் உள்வரை ஏறி ஆளை இழுத்துவிடும். தண்ணீர் கோடையிலும் ஐஸ்தான். பெரியவர்கள் ஈர மணலுக்கு வெகு பின்னால் நிற்கட்டும்.

டிரேசியிலிருந்து: லிவர்மோர் கோயிலுக்கு எந்த நாள் நல்லது?

வார நாள் காலை. கூட்டமில்லாமல் சிவனையும் பெருமாளையும் நிதானமாகப் பார்க்கலாம். நடை திறக்கும் நேரத்தைக் கோயில் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.